எல்லைக் கரை

சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் திரும்பியதும் கொக்குகள் வந்தன, நாணல் வந்தது, கூடவே ஓர் எண்ணெய்ப் படலமும் வந்தது. தினம் காலையில் எல்லைக் கரையை ஒட்டி மெல்லிசாக மினுமினுக்கும். மேற்கு நகராட்சி ஆட்கள் அதை வழித்துப் போட்டுவிட்டு, கிழக்கிலிருந்து வருகிறது என்பார்கள். கிழக்கு ஆட்கள் மேற்கைக் கைகாட்டுவார்கள். மறுநாள் அது சாவகாசமாக வந்து நிற்கும்.

பாதுகாக்கப்பட்ட நிலம் என்று பலகை நட்டுவிட்டு, அதன் நிழலிலேயே கட்டட இடிபாட்டைக் கொட்டிய புண்ணியவான்கள்தான் இரண்டு நகராட்சியும். இப்போது கைகோத்து அதை மீட்கப் புறப்பட்டிருந்தார்கள். கை சேர்ந்ததே தவிர புத்தி சேரவில்லை. எல்லைக்கு இருபதடி இருக்கும்போதே இரு பக்கமும் தோண்டும் எந்திரம் நின்றுவிடும். அடுத்தவன் மண்ணைத் தொட்டால் வம்பு. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இடிபாட்டு மேடு நீளமாக மிஞ்சியது. அதுதான் எல்லைக் கரை.

மேற்கு நகராட்சி ஓவர்சியரம்மா அந்தப் படலத்தை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள். அது டீசல். அவளுடைய அண்ணன் இங்கே இடிபாடு கொட்டிய நகராட்சி லாரியின் டிரைவர். பல வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில் லாரியோடு காணாமல் போனான். அன்றும் இரண்டு பக்கத்தாரும் எல்லைக்கு இருபதடி முன்வரை தேடிவிட்டுக் கையை விரித்தார்கள். லாரியைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று கதையை முடித்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, திருடன் தங்கச்சி வந்துட்டா என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு.

அண்ணியோ அந்தத் திருட்டைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கரையை வெட்டணும்னு கேக்கப் போறேன் அண்ணி."

"எதுக்கு?"

"லாரி அதுக்குள்ளதான் கெடக்கு. அண்ணன் மேல இருக்கற கெட்ட பேரு போகணும்."

"பேரு கெடக்கட்டும். லாரிய வித்துட்டு, எங்கயோ எவளையோ கட்டிக்கிட்டு நல்லா இருக்காருன்னு நெனச்சுத்தான் ரெண்டு வாய் சாப்பிடறேன். அதுல மண்ணள்ளிப் போடாத."

ஓவர்சியரம்மா கேட்கவில்லை. ரெண்டு பக்கத் தண்ணியும் சேரலேன்னா நிலம் எப்படிப் பொழைக்கும் என்று கூட்டுக் குழுவில் மன்றாடி அனுமதி வாங்கினாள்.

மேட்டில் பாதி ஆழம் போனதும் எந்திரக்காரன் இறங்கி ஓடிவந்தான்.

"அம்மா, உள்ள யாரோ தட்டறாங்க."

"எஞ்சின் சத்தமா இருக்கும்."

"எஞ்சின நிறுத்திட்டேம்மா."

அவளும் கேட்டாள். விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல், நிதானமாக, விட்டுவிட்டு. சேற்றுவாயு தகரத்தில் மோதுகிறது என்று படித்த மூளை சொன்னது. கை மட்டும் தோண்டு என்று சைகை காட்டியது. இடிபாடு சரிந்தது, துருவேறிய லாரிக் கதவு வெளியே வந்தது. கண்ணாடி மேலேவரை ஏற்றியிருந்தது. கதவைப் பெயர்த்ததும் தட்டல் நின்றுவிட்டது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சேற்றில் எலும்பாக அண்ணன் இருந்தான். மழைச் சேற்றில் புதைந்த லாரியின் மேலேயே மறுநாளிலிருந்து இடிபாட்டைக் கொட்டியிருக்கிறார்கள்.

இரண்டு நகராட்சி அதிகாரிகளும் டேப்பை நீட்டி அளந்தார்கள். முன்பக்கம் கிழக்கில், பின்பக்கம் மேற்கில்; புகார் யார் எழுதுவது என்று அங்கேயே பேச்சு முற்றியது. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

திரும்பிப் பார்த்தாள். யாரும் சொல்லியனுப்பாமலே அண்ணி வந்து நின்றிருந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"உங்கண்ணன் திருடன் இல்ல," என்றாள் அண்ணி. "நீ சொன்னதுதான் சரி. இப்ப திருப்தியா?"