குடியம் குகைக்குப் பத்து தடவை போன ஸம்பத்குமார்

ஸம்பத்குமார் குடியம் குகையைப் பார்த்ததே இல்லை. ஆனால் பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அதைப் பற்றி அவர் மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். வழியில் வரும் காட்டைச் சொல்வார், ஓடையைச் சொல்வார், பாறையில் தொங்கும் தேன்கூட்டைச் சொல்வார். எல்லாம் யாரோ ரயிலில் சொல்லக் கேட்டது. "நான் ஒரு பத்து தடவ போயிருப்பேன்" என்று ஒருநாள் வாய்தவறி வந்துவிட்டது. அதற்கப்புறம் அதை ஒன்பதாகக் குறைக்கக்கூட வழியில்லை.

காக்களூரில் போல்ட்டு நட்டு செய்யும் சின்னப் பட்டறை அது. ஸம்பத்குமார் அங்கே சூப்பர்வைசர். லேத் ஓட்டும் மோசஸும் ஸ்டோர் பார்க்கும் அப்துல் கனியும் எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சார், வர்ற ஞாயித்துக்கெழம எங்கள இட்டுக்கினு போங்க. வழி தெரிஞ்ச ஆளு நீங்க இருக்கசொல்ல நாங்க எதுக்கு வேற எவனையாவது கேக்கணும்?" என்றான் மோசஸ்.

"வெயிலா இருக்குமேய்யா."

"தை மாசத்துல இன்னா சார் வெயிலு?" என்றார் அப்துல் கனி.

வீட்டில் சொன்னபோது மனைவி வைஜயந்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் எந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தார் என்பது அவளுக்கு மனப்பாடம். "நானும் வரேன்" என்றாள். புளியோதரை கிளறும்போது அவள் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தது ஸம்பத்குமாருக்குப் பிடிக்கவில்லை.

பூண்டி ஏரியைத் தாண்டி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து குடியம் ஊர்வரைக்கும் வண்டிப்பாதை இருந்தது. அதற்குமேல் காடு. முள்ளும் களாச்செடியுமாக இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றது. ஸம்பத்குமார் கையில் ஒரு குச்சியோடு முன்னால் நடந்தார். ஒற்றையடிப் பாதை மூன்றாகப் பிரிந்த இடம் வந்தது. அவர் நின்றார்.

"இன்னா சார், எந்தப் பக்கம்?"

"யோசிக்கறேன். போன மழையில பாத மாறியிருக்கு."

நடுப்பாதையில் போனார்கள். அரைமணி நேரம் நடந்ததும் பாதை ஒரு புதரில் முடிந்தது. திரும்பி வந்தார்கள். இடதுபக்கம் போனார்கள். அது ஆட்டுப்பட்டியில் முடிந்தது. வைஜயந்தி புன்சிரிப்போடு பின்னாலேயே வந்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை போலிருந்தது.

"செத்த ஒதுங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஸம்பத்குமார் பட்டிக்குப் பின்பக்கம் போனார். அங்கே வேலமரத்தடியில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து, துறட்டியால் ஒடித்த தழையை ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பேர் கங்கம்மா. அவர் குரலைத் தாழ்த்தி வழி கேட்டார்.

"இன்னாத்துக்கு நைனா கிசுகிசுன்னு பேசற? யாருனா தொரத்தறாங்களா?"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். கங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "பத்து தபாவா? ஒரு அஞ்சுன்னு சொல்லக்கூடாதா? செரி, நீ முன்னால போ. நான் பாத்துக்கறேன்."

அவர் திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பதற்குள் அவளும் வந்து சேர்ந்தாள். வந்தவள் கையைத் தட்டினாள்.

"அட, நம்ம நைனா! வா வா! எத்தினி நாளாச்சு பாத்து! போன தபா தேனீ தொரத்தச்சொல்ல வேட்டிய உட்டுட்டு ஓடினியே, அது என் ஊட்லதான் கீது. எப்ப வாங்கிக்கப் போற?"

மோசஸ் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்துல் கனி தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஏன்னா," என்றாள் வைஜயந்தி மெதுவாக, "எந்த வேஷ்டி? மயில்கண் கரையா?"

"சும்மா இருடி" என்றார் ஸம்பத்குமார். காது சிவந்துவிட்டது.

கங்கம்மாவே முன்னால் நடந்தாள். வழிநெடுக அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. நைனா வழுக்கி விழுந்த பாறை இது, நைனாவைக் கிடா முட்டிய இடம் அது என்று காட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் ஸம்பத்குமார் "ஆமா, ஆமா" என்று தலையாட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு சரிவு ஏறித் திரும்பினார்கள். எதிரே குகை.

பாறை ஒரு பெரிய பாம்பு படமெடுத்த மாதிரி தலைக்குமேல் கவிந்திருந்தது. ஆற்றில் உருண்ட கூழாங்கற்களை யாரோ வாரி வாரி அப்பிவைத்தது போல் உடம்பெல்லாம் கல். உச்சியில் தேன்கூடுகள் கறுத்துத் தொங்கின. அடியில் மஞ்சள் பூசின அம்மன் கல் ஒன்று. நல்ல உச்சிப்பொழுதில் உள்ளேயிருந்து குளிர்ச்சி வந்து முகத்தில் பட்டது. ஸம்பத்குமாருக்குக் கையிலிருந்த குச்சி எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை.

"யோவ் மோசஸ்! இங்க பாருய்யா! அடேயப்பா, இவ்ளோ பெரிசுன்னு ஒருத்தனும் சொல்லவே இல்லியேய்யா!"

என்ன சொன்னோம் என்பது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மெல்லத் திரும்பினார்.

"கடசியில நீங்களே சொல்லிட்டீங்களா?" என்றார் அப்துல் கனி. "நாங்க போன தீபாவளிக்கே ஒங்க மச்சினர்கிட்ட கேட்டுக்கினோம் சார். நீங்க பூண்டிக்கு இந்தாண்ட வந்ததே இல்லன்னாரு."

"அப்ப எதுக்குய்யா என்னை இழுத்துக்கினு வந்தீங்க?"

"நீங்க சொல்ற அழகுல எங்களுக்கே பாக்கணும்னு ஆசை வந்துச்சு. ஒங்களுக்கு வராதா?" என்றான் மோசஸ்.

ஸம்பத்குமார் முதலில் முறைத்தார். அப்புறம் ஒரு கல்லில் உட்கார்ந்து, தொப்பை குலுங்கக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மூன்று வருஷமாகச் சுமந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது.

புளியோதரையில் கங்கம்மாவுக்கும் ஒரு பங்கு. சாப்பிட்டுக் கை துடைத்தவள், ஓடைக்கு அந்தப்பக்கம் இதைவிடப் பெரிய குகை ஒன்று இருப்பதாகச் சொன்னாள். மோசஸ் காலை நீட்டிப் படுத்தாகிவிட்டது. அப்துல் கனி தொழுகைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸம்பத்குமார் மட்டும் எழுந்தார்.

"எந்தப் பக்கம்மா? எனக்குத் தெரியாது" என்றார், சத்தமாகவே.

கங்கம்மா கையை நீட்டிக் காட்டினாள். வைஜயந்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இருங்கோ, நானும் வரேன்" என்று பின்னாலேயே சரிவில் இறங்கினாள்.