தலை சுத்தவே இல்லை

…'ஊதுடா'ன்னான், சாரத்துலேர்ந்து இறங்கின பெயிண்டருங்க அத்தனை பேரும் பாக்க, மாப்ளே மாப்ளேன்னு கூப்பிடற அதே வாயால, என் பெண்டாட்டியோட அண்ணன், எங்க மேஸ்திரி, நாசமாப் போறவன். நான் குடியை விட்டு ஆறு வருஷம், அது அவனுக்குத் தெரியாதா? வேலை முடிஞ்சு குழாயடியில மூஞ்சிக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினேன், அவ்வளவுதான், தடால்னு சாஞ்சேன், அது ஒரு குத்தமா? 'தலை சுத்துதா?'ன்னு கேட்டான், 'இல்ல'ன்னேன், இல்லாததை இருக்குன்னா சொல்ல முடியும்? 'தலையும் சுத்தலையாம், ஆளு மட்டும் ஆடுறாராம், அப்ப உள்ள போனதுதான் ஆடுது'ன்னு சிரிச்சான், ஊதினேன், நாத்தமே வரலை, அதுக்கும் 'வாசனையில்லாத சரக்கு எங்கடா கிடைக்குது?'ன்னு ஒரு நக்கல், மறுநாளே கீழே உக்காத்தி உப்புத்தாள் தேய்க்க விட்டுட்டான், இருபது வருஷம் உச்சி மாடியில தொங்கினவனை. இருடா, உனக்கு இருக்கு. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து உக்காந்திருக்கேன், இந்த டாக்டரம்மா கையால 'குடி இல்லை'ன்னு ஒரு சீட்டு, அதை அத்தனை பேர் முன்னாடியும் நீயே சத்தமாப் படிக்கணும், எழுத்துக் கூட்டித் திணறணும், 'இன்னொரு தரம்'னு நான் சொல்லணும்…

டாக்டரம்மா தலையைப் பத்தி ஒரே ஒரு கேள்வியோட விட்டுட்டாங்க. 'இருட்டுல நடந்தா தடுமாறுதா? செருப்பு கழண்டது தெரியாமப் போயிருக்கீங்களா?' ஆமா, போன மாசம் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒத்தைச் செருப்போட, இவங்களுக்கு யார் சொன்னது? காலைச் சேத்து நிக்கச் சொன்னாங்க, நின்னேன், கண்ணை மூடச் சொன்னாங்க… தரை எங்கே போச்சு? அவங்க கைதான் தாங்குச்சு. கவை மாதிரி ஒரு இரும்பைத் தட்டிக் கால் கட்டைவிரல்ல வெச்சு 'அதிருதா?'ன்னாங்க, 'வெச்சுட்டீங்களா?'ன்னேன். 'தலையில கோளாறு இல்லைங்க, பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கு, கண்ணுதான் உங்களை நிக்க வைக்குது, ஏன்னு ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும்.' சரி சரி, அதெல்லாம் அப்புறம், குடி இல்லைன்னு எழுதுங்கம்மா, பெருசா எழுதுங்க.

எழுதினாங்க. வாசல்லயே பிரிச்சேன். முதல் வரி நான் கேட்டது. அடுத்த வரி, 'உயரத்தில் ஏறி வேலை செய்யவே கூடாது.' ரெண்டுக்கும் சேத்து ஒரே முத்திரை, பாதியைக் கிழிச்சா மீதி செல்லாது… இதைப் படிக்கச் சொன்னா முதல் வரியை முழுங்கிட்டு ரெண்டாவதைத்தான் ஊருக்கே கேக்கற மாதிரி படிப்பான். அவன் என்ன என் நல்லதுக்கா இறக்கினான்? அவமானப்படுத்தத்தானே? ஆனா இறக்கினானே… சாரத்துல கண்ணுல சுண்ணாம்பு தெறிச்சா ரெண்டையும் இறுக்கி மூடிக்கறது என் வழக்கம், அந்தப் பாவிக்கு நான் உயிரோட இருக்கறதுக்கு நன்றி வேற சொல்லணுமா?