குறுக்கே நின்ற பேருந்து

போலந்தின் வூச் நகருக்கு வெளியே, நெடுஞ்சாலைகள் கூடும் இடத்தில் இரண்டு தடம் ஒன்றாகக் குறுகும். காலையில் வலது தடத்தில் வண்டிகள் நத்தையாக ஊர, முடிந்துபோகிற இடது தடம் காலியாகக் கிடக்கும். அதில் யாராவது விர்ரென்று முன்னேறிவிட்டால் மற்றவர்களுக்கு அடிவயிறு எரியும். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கறிக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நின்றே வளர்ந்த ஜனங்கள் அல்லவா!

இரண்டு தடத்திலும் வந்து, முனையில் ஒருவர் விட்டு ஒருவர் நுழையுங்கள் என்று சாலைத் துறையினர் பலகை வைத்தார்கள். நெரிசலும் மோதலும் குறையுமாம். பேருந்து ஓட்டும் ரெகீனா அதைச் சட்டை செய்யவில்லை. வண்டியை இரண்டு தடத்துக்கும் நடுவில் போட்டு, முந்த வருகிறவர்களை மறித்துவிடுவாள். பயணிகள் கை தட்டுவார்கள்.

திங்கட்கிழமை ஒரு சாம்பல் நிறக் கார் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடித்தது.

"கத்தட்டும் விடுங்க ரெகீனாம்மா! துரைக்கு மட்டும் தனி ரோடா?" என்றார் முன் இருக்கைக் கிழவர்.

"நான் இருக்கறப்போ ஒரு பய தாண்ட மாட்டான்" என்று சிரித்தாள் ரெகீனா.

பக்கத்து வீட்டு யூலியனுக்குப் பக்கவாதம் என்று வியாழக்கிழமைதான் அவளுக்குத் தெரிந்தது. சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். யூலியன் வாய் கோணிப் படுத்திருந்தார். அவர் மனைவி தெக்லா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை மருமகன் கார்லதான்டி கூட்டிட்டு வந்தோம். ரோடு குறுகுற இடத்துல ஒரு பஸ்காரன் குறுக்க நின்னுட்டான். ஹாரன் அடிச்சு அடிச்சுப் பார்த்தோம், அசையலையே பாவி! கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சாவது தப்பியிருக்கும்னாரு டாக்டர். நீயா இருந்தா வழி விட்டிருப்பே."

ரெகீனா வாயைத் திறந்தாள். "சூப் ஆறிடப் போகுது" என்றுதான் வந்தது.

அதன் பிறகு அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் உடம்பு திடுக்கிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஊர்க் கூட்டங்கள் நடக்கும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊர் கூடியது. பலகையை எடுக்கச் சொல்லிச் சாலைத் துறையைக் கேட்கத்தான் அந்தக் கூட்டம். ஊர் சார்பில் பேச வேண்டியவள் ரெகீனா. அவள் எழுந்ததுமே கை தட்டினார்கள். கடைசி வரிசையில் தெக்லாவும் தட்டினாள்.

"பலகை இருக்கட்டும்" என்றாள் ரெகீனா.

"என்னம்மா, அந்தப் பக்கம் சாஞ்சிட்டீங்க? ரோட்டுக்காரங்க சாக்லேட் குடுத்து மடக்கிட்டாங்களா?" என்றார் கிழவர். கூடம் சிரித்தது.

"திங்கக்கிழமை யூலியன் அண்ணனை மறிச்சது என் பஸ்தான்." கடைசி வரிசையைப் பார்த்தாள். "தெக்லா, அந்தப் பாவி நான்தான்டி."

சிரிப்பு அப்படியே நின்றது. கிழவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தெக்லா எழுந்தாள். கோட்டுப் பொத்தான்களை மெதுவாகப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

பின்னாலேயே ஓடத்தான் ரெகீனாவின் மனம் துடித்தது. ஓடிப் போய் என்ன சொல்வது? நின்ற இடத்திலேயே நின்றாள்.