கமாவும் கரண்டியும்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் அப்பா, பெரிய மாமா, நான், என் தங்கையைப் பெண் கேட்டு வந்திருந்த அச்சகக்காரர். அம்மாவும் தங்கையும் சமையலறையில். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிறகு கேள்விப்பட்டவர்கள்.

தங்கை ஓர் ஆங்கில அச்சகத்தில் பிழை திருத்துபவள். அங்கே அச்சகக்காரர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார். எதிரே அமர்ந்து அவள் அச்சுத்தாளில் திருத்துவாள். இயந்திரச் சத்தத்துக்காக அறைக்கதவு சாத்தியிருக்கும். அந்தச் சாத்திய கதவுதான் தெருவெங்கும் பேச்சாகியிருந்தது. அவரோ பெரியவர்கள் யாரையும் அழைத்து வராமல் தனியாக வந்து நின்றார். பெண் கொடுக்க மாட்டார், இனி அவளை வேலைக்கும் அனுப்ப மாட்டார் என்பது அப்பாவின் முகத்திலேயே தெரிந்தது.

“கதவைச் சாத்திக்கிட்டு என்ன வேலை?” என்றார் மாமா.

“வாசிக்கிறதுதாங்க.”

“இங்க வாசிங்க. நாங்களும் கேக்குறோம்,” என்றார் அப்பா.

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “த ரெயின் ஸ்டாப்ட்” என்று வாசித்தவர், விரல் முட்டியால் மேசையைத் தட்டிவிட்டு நின்றார். சமையலறையில் கரண்டி பாத்திரத்தில் பட்டு ‘டங்’ என்றது. பிறகுதான் “பட் த ரோட் வாஸ் வெட்” என்று தொடர்ந்தார். அடுத்த வாக்கியத்தில் ‘அண்ட்’ வந்தது. மறுபடி தட்டினார், மறுபடி டங். தங்கையின் கையில் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை, வெறும் பழக்கம்.

“என்னப்பா, தாளம் போடுறீங்களா ரெண்டு பேரும்?” என்றார் மாமா.

அச்சகக்காரர் கூச்சத்துடன் விளக்கினார். இரண்டு முழு வாக்கியங்களை ‘அண்ட்’, ‘பட்’ சேர்க்கும்போது முன்னால் கமா வேண்டும் என்பது அச்சக விதி. அடிக்கடி விட்டுப்போவது அதுதான். அதனால் அந்த இடத்தில் தட்டுவார். அவள் கமாவைப் பார்த்துவிட்டுப் பதிலுக்குத் தட்டுவாள்.

“அவ தட்டலேன்னா?” அப்பா கேட்டார்.

“நின்னுடுவேங்க. அவங்க தட்டாம அடுத்த வார்த்தைக்குப் போனதில்ல.”

“இந்த வீட்டுல எனக்காக யாரு அப்படி நின்னாங்க,” என்றாள் அம்மா உள்ளிருந்து. மாமா சிரிப்பை மறைக்க இருமினார்.

அப்பா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். யாரையும் கேட்டுச் செய்து பழக்கமில்லை. அப்படிப்பட்டவர் கையை நீட்டி மேசையில் ஒருமுறை தட்டினார். தட்டிவிட்டு, வாய் திறக்காமல் காத்திருந்தார்.

உள்ளே அடுப்பின் இரைச்சல் மட்டும். அம்மா ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கரண்டி ஒலித்தது, முன்னைவிடப் பலமாக.

“சாப்பிட்டுட்டுப் போங்க, மாப்பிள்ளை,” என்றார் அப்பா.

அந்தப் பாத்திரம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. விளிம்பு நசுங்கிய அதைத் தூக்கிப் போட மருமகள் பார்க்கிறாள், நான் விடுவதில்லை. அதில் கரண்டி படும்போதெல்லாம், பதிலுக்காகக் காத்திருந்த அப்பாவின் முகம் கண்முன்னால் வருகிறது.

தங்கை ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டதாக உறவில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அவள் ஓடவில்லை. பட்டப்பகலில், முன்வாசல் வழியாக நடந்து போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவர் அப்பா.