பாதிக் கம்பத்துக் கொடி

அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டி முடிச்சுப் போடும்போதுதான் டாக்னிக்கு உறைத்தது. வெளிச்சம் வந்து வெகுநேரமாகியும் ஒரு படகும் கிளம்பவில்லை.

சன்னலில் எட்டிப் பார்த்தாள். எஞ்சின்கள் உறுமிக்கொண்டு துறையிலேயே நின்றன. தூரத்தில் கடல்மேல் பறவைக் கூட்டம். காட் மீன் வந்துவிட்டது. இந்த லோஃபோட்டன் தீவுகள் பக்கம் அது தங்குவதே கொஞ்ச நாள்தான். வருஷச் சோறு அதில்தான்.

கம்பத்தில் கொடி பாதியில் தொங்கியது. சாவுக்கென்று விடிகாலையில் அவளே கட்டியது. அதே கம்பத்தில்தான் அப்பா ஹக்பார்ட் தினமும் கொடியை உச்சிக்கு ஏற்றுவார். ஏறினால்தான் படகுகள் போகலாம், எல்லாமும் ஒன்றாக. முந்திப் போனவன் பிந்தியவன் வலையை அறுத்த காலத்துக்குப் பிறகு, படகுக்காரர்களே கூடிப் போட்ட கட்டுப்பாடு அது.

அண்ணன் ஓலுஃப் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினான்.

"ஏண்ணே யாரும் போகல?"

"கொடி ஏறலையே."

"எவனாவது ஏத்திட்டுப் போறதுதானே? கயிறு என்ன கடிக்கவா போகுது?"

"இன்னிக்கு நான் ஏத்தினா நாளைக்கு அவனவன் வசதிக்கு ஏத்துவான். படகு வச்சிருக்கவன் கை கயித்துல படக்கூடாதுன்னு அப்பாவே சொல்லுவாரே." தொப்பியைத் திருகினான். "இனி யாரு ஏத்தறதுன்னு துறையில கை தூக்கச் சொல்லிப் பாத்தோம். உன் பேருதான் வந்துச்சு. சாவு வீட்டுல எப்படிக் கேக்கறதுன்னு என்னைத் தள்ளிவிட்டானுங்க."

"அது அப்பாவுக்குக் கட்டின கொடிண்ணே."

அவள் ஊற்றிக் கொடுத்த காப்பியைத் தொடாமல் ஓலுஃப் படகுக்குப் போய்விட்டான்.

டாக்னி கையைத் துடைத்துக்கொண்டு கம்பத்தடிக்கு நடந்தாள். கயிறு பனியில் விறைத்திருந்தது. துறையில் எல்லாத் தலையும் இவள் பக்கம். கடைசியில் நின்ற கிழவர் எட்வார்ட்டின் எஞ்சின் மட்டும் இருமி இருமி அணைந்தது.

"ஏத்துடி! அந்தக் கிழட்டு எஞ்சினுக்கு நின்னா மீனு ரஷ்யாவுக்கே போயிரும்!" ஓலுஃப் கத்தினான்.

"உங்கப்பன் நின்னிருந்தா இப்பிடிக் கத்துவியாடா?" என்றார் எட்வார்ட், எஞ்சினை உதைத்தபடி.

டாக்னி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். ஓலுஃப் இன்னொரு தடவை கத்தினான். கடைசியில் கிழவரின் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் இழுத்தாள். கொடி உச்சிக்குப் போனது. படகுகள் ஒன்றாக நகர்ந்தன.

எட்வார்ட்டின் படகு முனையைத் தாண்டும்வரை பார்த்திருந்தாள். பிறகு கொடியைப் பாதிக்கு இறக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, அப்பாவுக்குச் சட்டை மாற்ற உள்ளே போனாள்.