மீசை முளைத்த வாக்குப்பெட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாக்குச்சாவடியில் கிடைத்தது. நேப்பிள்ஸில், எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில், மடித்த சீட்டோடு மறைப்புக்குள்ளிருந்து வெளியே வந்தேன். 1860இல் இதே ஊரில் மறைப்பு கிடையாது. இத்தாலி ஒரே நாடாக வேண்டுமா என்று கேட்டு, 'ஆம்' ஒரு பெட்டி, 'இல்லை' ஒரு பெட்டி வைத்தார்கள். எதில் போடுகிறோம் என்று ஊரே பார்த்தது. அதை ஒருவன் படமாகப் போட்டிருந்தால்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'புரட்சியின் புகை அடங்கிய அந்த இலையுதிர் காலத்தில், மாநகரம் மெல்ல...'

வேண்டாம். அந்தப் புகையை நான் பார்த்ததில்லை. நுன்சியாவைப் பற்றிச் சொல்கிறேன்.

2

நுன்சியா கல்லச்சுக்கூடம் வைத்திருந்தாள். அவள் கல்லில் ஒனோஃப்ரியோ என்ற ஓவியன் கேலிச்சித்திரம் வரைவான். அவள் அச்சடித்து விற்பாள். பழைய ராஜாவைப் பூசணிக்காயாக வரைந்த அன்று போலீஸ் வந்தது. அவள் கல்லைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் மாவு பிசைந்தாள். (படம் கலையாதா என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அடியில் துணி விரித்திருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அவள் தம்பி சவேரியோ நாட்டை ஒன்றாக்கப் புறப்பட்ட சிவப்புச் சட்டைக்காரர்களோடு போய்ச் சண்டையில் செத்தான். பழைய ராஜா தலைநகரை விட்டு ஓடினார். வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் ஒனோஃப்ரியோ புதுப் படம் வரைந்தான். 'ஆம்' பெட்டிக்குக் கம்பளம் விரித்த படிகள். 'இல்லை' பெட்டி ஒரு ஏணியின் உச்சியில். கீழே முதுகு காட்டி நிற்கும் காவல்காரன். வடக்கிலிருந்து வரும் புது ராஜாவின் மீசை, 'ஆம்' பெட்டிக்குப் பின்னாலிருந்து இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தது.

நுன்சியாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"யோவ், என் தம்பி செத்தது இந்த மீசைக்கா?"

"இல்ல தாயே. அதனாலதான் வரைஞ்சேன்."

"நக்கலா? நீ எதுல போட்ட?"

"'ஆம்'லதான்."

"பின்ன என்ன?"

"ஆம்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா காவல்காரன் பாத்துக்கிட்டே நின்னான், கை நடுங்கிருச்சு. ஆசையில போட்டேனா பயத்துல போட்டேனான்னு இப்ப எனக்கே தெரியல."

அன்று பெண்களுக்கு வாக்கே இல்லை. தம்பியைக் கொடுத்தவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

3

நான் எழுதிய ஒரு பிரதியில் அவள் கல்லைத் தேய்த்துப் படத்தை அழித்தாள். இன்னொன்றில் கண்ணீரோடு அச்சடித்தாள். இரண்டிலும் அவள் என் கருத்தைத்தான் பேசினாள்... இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் சொன்னது இது:

"அச்சடிக்கிறேன். ஆனா ஓட்டுப் போடுற வரிசையில உன்னையும் வரை, அந்த நடுங்குற கையோட. ராஜாவை மட்டும் கிண்டல் பண்ணிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பாக்காத."

வரைந்தான். தன் பெரிய மூக்கைக்கூடக் குறைக்கவில்லை.

படம் தெருவெல்லாம் பரவியது. மாலையில் துப்பாக்கியோடு ஒருவன் அச்சுக்கூடத்துக்குள் வந்தான். கையில் அந்தப் படம்.

"யாரு இது, கை நடுங்குறவன்?"

"நான்தான்," என்றான் ஒனோஃப்ரியோ.

வந்தவன் விரலை நகர்த்தி, முதுகு காட்டி நின்ற உருவத்தின் மேல் வைத்தான்.

"இது நான். மூஞ்சி ஏன் போடல?"

"நிமிர்ந்து பாக்க எனக்குத் தைரியம் வரலீங்க."

நுன்சியா வரைகோலை எடுத்துக் காவல்காரனிடம் நீட்டினாள்.

"நீங்களே போட்டுக்குங்க."

4

ஒரு முடிவில் அவன் கோலை ஒடித்தான். இன்னொன்றில் சிரித்த முகம் ஒன்றைப் போட்டான். அதை நானே நம்பவில்லை. அவனுக்கும் அன்று வாக்கு இருந்தது. அவன் எந்தப் பெட்டியில் போட்டான், அப்போது அவனை யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று ஒனோஃப்ரியோ கேட்கவில்லை, நுன்சியா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது தெரியாமல் அவனுக்கு என்னால் முகம் போட முடியாது.

உங்களால் முடிந்தால் போடுங்கள்.