சத்தம் எட்டாத குட்டி

அம்சவல்லி வேலை பார்த்த பீங்கான் பட்டறையில் கீறல் விழுந்த கிண்ணங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லையில் இருக்கும் நாய்க்கொட்டகையில் தண்ணீர் வைக்கப் பயன்படுத்துவாள். அன்று காலை அப்படி அடுக்கிவைத்திருந்த கிண்ணங்கள் சரிந்து, சிமெண்டுத் தரையில் விழுந்து நொறுங்கின. தாய் நாய் முத்து துள்ளி எழுந்தது. ஐந்து குட்டிகள் பதறிப்போய் அதன் வயிற்றுக்கடியில் புகுந்தன. ஆறாவது குட்டி மட்டும் சாக்கின்மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அம்சவல்லி அதன் தலைமாட்டில் உட்கார்ந்து கை தட்டினாள். விசிலடித்தாள். குட்டி அசையவில்லை. கடைசியில் பக்கத்தில் காலை ஓங்கி மிதித்தாள். தரை அதிர்ந்ததும் கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவள் பல வருடங்களாக ராஜபாளையம் நாய் வளர்த்து, குட்டிகளைக் கொடுத்துவருகிறாள். இரண்டு மாதம் முடியாமல் எந்தக் குட்டியையும் தாயிடமிருந்து பிரிக்க மாட்டாள். வாங்குகிறவர்களின் வீட்டை நேரில் பார்க்காமல் கொடுக்கவும் மாட்டாள். ‘இந்த ஜாதி ஒருத்தர் பேச்சைத்தான் கேட்கும், அந்த ஒருத்தர் யார்’ என்றுதான் முதலில் விசாரிப்பாள். இப்படியெல்லாம் பார்க்கிறவளுக்கு இது நடந்துவிட்டது.

அதுவும் பொட்டுக் கறை இல்லாத வெள்ளைக் குட்டி. ஸ்ரீமுஷ்ணத்துப் பாண்டியன் தன் நிலத்து மோட்டார் கொட்டகைக் காவலுக்கென்று அதைத்தான் பார்த்துவைத்திருந்தான்.

முத்துவோடு சேர்த்த ஆண்நாயின் சொந்தக்காரர் திருமாலுக்கு போன் போட்டாள்.

“வெள்ளையில இதெல்லாம் சகஜம்மா,” என்றார் அவர். “ஒண்ணும் சொல்லாம குடுத்துடு. அவங்க கண்டுபுடிக்கறதுக்குள்ள குட்டி மேல பாசம் வந்துடும்.”

“உங்க நாயிக்குப் பொறந்த மத்த குட்டிங்கள்லயும் இப்பிடி இருந்துச்சாண்ணே?”

“ஒண்ணு ரெண்டு இருந்துச்சு.”

அவள் போனை வைத்துவிட்டாள். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் குட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டினாள். மற்ற ஐந்துக்கும் காது நன்றாகக் கேட்டது. நிறம் முழுக்க வெளுத்துப்போகும் நாய்களில் சில சமயம் காதும் போய்விடும் என்று அவர் சொன்னார். அந்த ஆண்நாயின் பளபளப்பைப் பார்த்தோமே தவிர, அதன் குட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவளுக்கு உறுத்தியது. இந்த ஜோடியை இனிச் சேர்ப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியன் தன் அக்கா பானுமதியையும் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தான். அம்சவல்லி விஷயத்தை மறைக்காமல் சொன்னாள்.

பாண்டியனின் முகம் மாறிப்போனது. “வெள்ளக் குட்டி வருதுன்னு வூட்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்க்கா.”

“காவலுக்கு இது ஆகாது தம்பி. பின்னாடி பாம்பு வந்தாலும் தெரியாது, வண்டி வந்தாலும் தெரியாது. அந்தப் பழுப்புக் காதுக் குட்டியப் பாருங்க. சுறுசுறுப்பா இருக்குது.”

அவன் அரை மனதாக அந்தக் குட்டியிடம் போனான். அதற்குள் வெள்ளைக் குட்டி பானுமதியின் சேலை முந்தானையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“இதை என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டாள் பானுமதி.

“நானே வெச்சுக்குவேன்.”

“எனக்குக் குடுக்கறீங்களா?”

“பாவம்னு கேக்கறீங்களா? பாவமெல்லாம் ஒரு மாசத்துல தீந்துடுங்க. இது பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும்.”

“பாவம்னு இல்லீங்க. நான் டைலரு. பொழுதன்னைக்கும் மிஷின் ஓடும். அந்தச் சத்தம் பொறுக்காம ஒரு நாயி ஏற்கெனவே ஓடிப்போயிடுச்சு. இது போவாதுல்ல?”

குட்டியின் காது விஷயம் தெரிந்த நாளிலிருந்து அம்சவல்லி அப்போதுதான் சிரித்தாள்.

ஆனாலும் உடனே கொடுத்துவிடவில்லை. வாராவாரம் வரச் சொன்னாள். உள்ளங்கையை உயர்த்தினால் உட்கார வேண்டும், விரல்களை மடக்கி அழைத்தால் வர வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்தே பழக்கினார்கள். தூங்கும்போது பின்னாலிருந்து தொடாதீர்கள், பயத்தில் கடித்துவிடும் என்றாள். கயிறில்லாமல் தெருவில் விடக் கூடாது, இதை வைத்துக் குட்டி எடுக்கவும் கூடாது என்றாள். பானுமதி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். வீட்டையும் போய்ப் பார்த்த பிறகுதான் குட்டி ஸ்ரீமுஷ்ணம் போனது. பழுப்புக் காதுக் குட்டி பாண்டியனுடன் போனது.

மழைக்காலம் முடிந்ததும் அம்சவல்லி பஸ் ஏறி ஸ்ரீமுஷ்ணம் போனாள். பாண்டியன் வாசலிலேயே நின்றிருந்தான். “கொட்டாய்ப் பக்கம் ஒரு பன்னி வர்றதில்லக்கா,” என்று பழுப்புக் காதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

உள்ளே பானுமதி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை நாய் தையல் மிஷினின் இரும்புக் காலில் முகவாயைச் சாய்த்து, அந்த அதிர்வில் கண் சொருகிக் கிடந்தது. மிஷின் நின்றதும் தலையைத் தூக்கியது. அம்சவல்லியைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, கையையும் சேலையையும் மோந்து, நக்கிக் கொஞ்சியது. பானுமதி விரலை மடக்கியதும் திரும்பி அவள் காலடிக்கே போய்விட்டது.

அம்சவல்லிக்கு நெஞ்சில் லேசாக ஒரு வலி. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி.

“அடுத்த வாரம் கருத்தடை ஆபரேசனுக்குச் சொல்லியிருக்குது,” என்றாள் பானுமதி. “நீங்களும் கூட வர்றீங்களா?”

“வரேன்.”

திரும்பும் பஸ்ஸில் சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவருக்கு போன் போட்டாள். அவரிடம் முதுகில் பழுப்புத் திட்டு உள்ள ஆண்நாய் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

“நாய அப்பறம் பாக்கறேங்க,” என்றாள். “அதுக்குப் பொறந்த குட்டிங்க யார் யார் வூட்ல இருக்குது? மொதல்ல அங்க போயிட்டு வரேன்.”